பந்து சரியாகத்தான் வந்தது

பள்ளிக்கூட நாட்களில் எனக்கு ஒரு நடை இருந்தது. வாலிபால் கோர்ட்டுக்குள் நுழையும்போது மட்டும் வருகிற நடை. காலையில் வீட்டிலிருந்து வரும்போது எல்லாப் பெண்களையும் போலத் தலையைக் குனிந்து, புத்தகப் பையை மாரோடு அணைத்துக்கொண்டுதான் வருவேன். சாயங்காலம் நாலே காலுக்குக் கான்வாஸ் ஷூ நாடாவை இறுக்கிவிட்டு எழுந்தால் நான் வேறு ஆள். தோளைப் பின்னால் தள்ளி, டி-ஷர்ட் கையைச் சுருட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் நிற்பவர்களை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே நெட்டை நோக்கி நடப்பேன். மத்தியானம் வாயில் போட்ட பபிள்கம்மை இந்த நேரத்துக்காகவே துப்பாமல் வைத்திருப்பேன். இனிப்பெல்லாம் எப்போதோ போயிருக்கும், மெல்லுவது முக்கியம். எங்கள் ஊரில் அதற்குத் தெனாவட்டு என்று பெயர். ஆண் பிள்ளை செய்தால் தெனாவட்டு, பெண் பிள்ளை செய்தால் திமிர். தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர் திமிர் என்றுதான் சொன்னார். அம்மாவும் அதையே சொன்னாள். எனக்கு இரண்டுமே பாராட்டாகத்தான் கேட்டன.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. திண்டுக்கல் டவுனுக்குள் இருந்த ஒரு பெண்கள் பள்ளியின் பின்பக்கம் செம்மண் கோர்ட். சர்வீஸ் போட நின்றால் நேர் எதிரே மலைக்கோட்டை தெரியும். காற்று திசை மாறினால் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் நாற்றம் வரும். வெளியூரிலிருந்து ஆட வருகிற டீம்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நாங்கள் ஆழமாக மூச்சை இழுத்துக் காட்டுவோம். அதுவும் தெனாவட்டில் சேர்த்திதான்.

வாலிபால் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் வந்த பந்தை மூன்று தொடுதலுக்குள் அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். முதல் ஆள் எடுத்துக் கொடுப்பாள். இரண்டாவது ஆள் அதை நெட் ஓரமாக, சரியான உயரத்துக்குத் தூக்கிவிடுவாள், அவள் லிஃப்டர். மூன்றாவது ஆள் ஓடிவந்து குதித்து அடிப்பாள், அவள் ஷூட்டர். கைதட்டல் முழுக்க ஷூட்டருக்கு. லிஃப்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பந்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும், அதை யாரும் செய்வதில்லை. நான் ஷூட்டர். கேப்டனும் நான்தான்.

எங்கள் லிஃப்டர் ஆத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். என் வகுப்புதான். அவள் அப்பா அணைத் தண்ணீர் பாய்கிற கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டுக்கொண்டிருந்தார். என் அப்பா வாத்தியார். மாதம் பிறந்தால் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் கறிக்குழம்பு என்று எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். அவள் ஆறு மணி பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். அதனால் ஐந்தே முக்காலுக்கு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுவாள். கோர்ட்டுக்குள் வரும்போதும் அவளிடம் நடை, பார்வை ஒன்றும் கிடையாது. தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போகிறவள் போல வருவாள். நின்று, கையை உதறிவிட்டு, பந்து வந்தால் தூக்குவாள்.

ஆனால் அந்தக் கை. அவள் விரல்களிலிருந்து பந்து கிளம்பும்போது சத்தமே வராது. சுற்றாமல் மேலே போகும். உச்சியில் போய் ஒரு நொடி எனக்காக நிற்கிற மாதிரி இருக்கும். எல்லா லிஃப்டருக்கும் பந்து அப்படித்தான் வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு லிஃப்டரிடம் ஆடியதே இல்லையே.

எங்கள் பி.டி. டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாயிண்ட் போனால் யாரால் போனதோ அவர் உடனே கையைத் தூக்க வேண்டும். அதோடு பேச்சு முடிந்தது. அதற்கு மேல் யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. பெண் பிள்ளைகள் டீமில் சண்டை வந்தால் அது விடுதிவரை, வீடுவரை போகிறது என்று கொண்டுவந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். எல்லோரும் தூக்கினார்கள். நான் அனேகமாகத் தூக்கியதே இல்லை. கேப்டன் கை தூக்கினால் எதிரணிக்குத் தைரியம் வந்துவிடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

பதினொன்றாம் வகுப்பில் நெய்க்காரப்பட்டிக்கு ஒரு டோர்னமென்ட் ஆடப் போனோம். மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. காம்பவுண்ட் சுவர் மேல் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கம்போல வார்ம்-அப்பிலேயே எதிரணிப் பெண்களின் காலடியில் நாலு பந்தை ஓங்கி அடித்து மிரட்டிவிட்டுத்தான் ஆட்டத்துக்குள் போனேன். முதல் பந்து நெட்டில். இரண்டாவது வெளியே. மூன்றாவது கையில் சரியாகப் படவே இல்லை. பந்து காதோரம் சரிந்து என் தோளிலேயே விழுந்தது. சுவர் மேலிருந்து ஒருவன், “ஏனுங்க அக்கா, பந்து மேலயாச்சும் கையப் படச் சொல்லுங்க” என்றான். சுவர் முழுக்கச் சிரிப்பு. அந்த ஊர் மரியாதையோடு சொன்னதால் இன்னும் கூடுதலாக வலித்தது.

எனக்கு முழங்கால் ஆடத் தொடங்கிவிட்டது. வாயிலிருந்த பபிள்கம்மை விழுங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன், பிறகு அதைக் காணோம். லிஃப்டரிடம் போய், எனக்குத் தூக்காதே, நம் டீமின் இன்னொரு ஷூட்டருக்கே தூக்கு என்று முணுமுணுத்தேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ரெஃப்ரிக்கும் சுவருக்கும் டீமுக்கும் தெரிகிற மாதிரி கையை நன்றாக உயர்த்தினாள். தன் தப்பு என்று அர்த்தம். பந்து தாழ்ந்து போய்விட்டது என்று விரலால் காட்டவும் செய்தாள். சிரிப்பு அப்படியே அவள் பக்கம் திரும்பியது. எனக்கு மூச்சு வந்தது. அடுத்த பந்தை அவள் மறுபடியும் எனக்கே தூக்கினாள். அடித்தேன், கோட்டுக்குள் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. தோள் தானாகப் பின்னால் போய்விட்டது. அன்று ஜெயித்தோம்.

பழனி பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ்ஸுக்கு நிற்கும்போது, நீ பந்தைச் சரி பண்ணியதால்தான் அடிக்க முடிந்தது என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“நான் எங்க சரி பண்ணுனேன்? எப்பவும் தூக்குற மாதிரிதான் தூக்குனேன்” என்றாள். “நீ அரண்டு போயிட்டன்னா நாம அம்புட்டுப் பேரும் காலி. என்னைய நாலு பேரு சிரிச்சா எனக்கு ஒண்ணும் ஆவாது. அடுத்த பந்தை அதே மாதிரித் தூக்கத்தான போறேன்.”

இன்றைக்கு அந்தச் சொற்களை நினைக்கும்போது, தன்னம்பிக்கை என்பதைப் பற்றி அதற்கு மேல் யாரும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை என்று தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. பாவம், தன்மையான பிள்ளை, கொஞ்சம் பயந்த சுபாவம் என்று நினைத்தேன். அதைவிட மோசம், இது ஒரு வசதியான ஏற்பாடு என்று கண்டுகொண்டேன்.

ஷூட்டர்களிடம் ஒரு சைகை உண்டு. வாலிபால் ஆடிய எல்லோருக்கும் தெரியும். பந்தை வெளியே அடித்துவிட்டால் உடனே லிஃப்டர் பக்கம் திரும்பி, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து இரண்டு தடவை உயர்த்திக் காட்டுவது. இன்னும் உயரமாகத் தூக்கு என்று அர்த்தம். பார்க்கிற ஆயிரம் பேருக்கு, தப்பு என்னுடையதல்ல என்று அர்த்தம். நெய்க்காரப்பட்டிக்குப் பிறகு நான் அந்தச் சைகையைப் பழக்கமாக்கிக்கொண்டேன். நான் உள்ளங்கையைக் காட்டுவேன், அவள் கையைத் தூக்குவாள். ஒரு வருடம் முழுக்க இது நடந்தது. டீமில் மற்றவர்களும் பந்து தாழ்ந்து போனதாக நம்பத் தொடங்கினார்கள். கடைசியில் நானும் நம்பினேன். அதைச் சொல்லத்தான் எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஒருவரை ஏமாற்றுகிறவனுக்குத் தான் ஏமாற்றுகிறோம் என்றாவது தெரிந்திருக்கும். எனக்கு அதுவும் தெரியாமல் போனது.

பன்னிரண்டாம் வகுப்பில் மண்டலப் போட்டி திண்டுக்கல்லில் நடந்தது. இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் பி.டி. டீச்சர் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டார். வெளியூரிலிருந்து ஒரு மகளிர் கல்லூரியின் விளையாட்டுப் பேராசிரியை ஆட்டத்தைப் பார்க்க வருகிறார், அவருக்கு இந்த வருடம் ஒரு ஷூட்டரும் ஒரு லிஃப்டரும் வேண்டும், எடுத்துக்கொண்டால் படிப்பும் விடுதியும் சாப்பாடும் இலவசம் என்றார். எனக்கு அது ஒரு மெடல் மாதிரி. கிடைக்காவிட்டால் அப்பா எங்காவது சேர்த்துவிடுவார். அவளுக்கு அப்படி இல்லை. நூல் மில்லுக்கு ஆள் எடுக்கிறவர் அவர்கள் ஊருக்கு இரண்டு தடவை வந்துபோய்விட்டார். பரீட்சை முடிந்ததும் வேனில் ஏற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. விளையாட்டில் சீட் கிடைத்தால் படிக்கப் போ, கிடைக்காவிட்டால் என்னைக் குறை சொல்லாதே என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. முடிந்ததைச் சொன்னார்.

மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால், ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாடாவைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“இன்னைக்கு ஒரு நா மட்டும் எனக்குக் கையக் காட்டாதடி.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே தெரிகிறது, எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று. சரிடி, காட்ட மாட்டேன் என்றேன். எழுந்து, டி-ஷர்ட் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு போனேன்.

எதிரணி வத்தலக்குண்டுப் பக்கத்துப் பள்ளி. அவர்களிடமும் நல்ல லிஃப்டர் ஒருத்தி இருந்தாள், குட்டையாக, துறுதுறுவென்று. கல்லூரி மேடம் கோர்ட்டின் ஒரு முனையில், பின்கோட்டுக்கு வெளியே ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. முதல் செட்டை ஜெயித்தோம். அடித்ததெல்லாம் விழுந்தது, வாக்கைக் காப்பாற்றுவதற்குச் சிரமமே இல்லை. இரண்டாவது செட் அவர்களுக்குப் போனது. அதில் நான் நாலைந்து பந்தை வீணாக்கினேன். ஒவ்வொரு தடவையும் கை தானாக எழப் பார்த்தது. இடுப்பில் வைத்து அழுத்திக்கொண்டேன். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. தப்பு யாருடையது என்று கூட்டம் என்னைப் பார்க்கிறது, நான் யாரையும் காட்ட முடியவில்லை. முதல் முறையாக என் தப்பை நானே வைத்துக்கொண்டு அடுத்த பந்துக்கு நின்றேன். அது எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் ஒரு வருடமாக என்னுடையதையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாளே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இந்த வாக்கைக் கேட்டு வாங்கிவிட்டாளே என்று அவள் மேல் கோபம்தான் வந்தது.

மூன்றாவது செட்டில் பாதிவரை சமமாகப் போனது. பிறகு ஒரு பந்தை ஓங்கி அடித்தேன், பின்கோட்டைத் தாண்டி ஒரு முழம் வெளியே விழுந்தது. திரும்பினேன். உள்ளங்கையை விரித்து இரண்டு தடவை உயர்த்தினேன்.

பழக்கத்தில் மறந்துபோய்ச் செய்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் மறக்கவில்லை. கையைத் தூக்கும்போதே அவள் கேட்டது என் காதில் ஒலித்தது. கேட்டுக்கொண்டேதான் தூக்கினேன்.

அவள் கண் என் முழங்காலுக்குப் போனதைப் பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்தது. உடனே அவள் கையை உயர்த்தினாள், நெய்க்காரப்பட்டியில் உயர்த்தின மாதிரியே, எல்லோருக்கும் தெரியும்படி. அன்று அவள் கையைத் தூக்காமல் விட்டிருந்தால் அவளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நான் அரண்டுபோய் ஆட்டம் போயிருக்கும், அவ்வளவுதான். சீட் முக்கியமா ஆட்டம் முக்கியமா என்று அந்தப் பதினேழு வயசுப் பெண் ஒரு நொடியில் முடிவு செய்தாள். அதற்குப் பிறகு இன்னும் மூன்று தடவை நான் காட்டினேன், மூன்று தடவையும் அவள் கையைத் தூக்கினாள். வெட்கம் விட்டுவிட்டால் எல்லாமே சுலபம்.

எதிரணிக்கு ஒரே பாயிண்ட் தேவைப்பட்ட கட்டத்தில் சர்வீஸ் அவர்களுடையது. பந்து எங்கள் பக்கம் வந்தது, பின்னாலிருந்தவள் எடுத்துக் கொடுத்தாள், லிஃப்டர் நகர்ந்து போய் எனக்குத் தூக்கினாள். அந்தப் பந்து எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நெட்டிலிருந்து ஒரு கை தள்ளி, நான் குதிக்கிற உயரத்துக்குச் சரியாக, சுற்றாமல் நின்றது. எதிரே நடுவில் பெரிய இடைவெளி. ஒரு குழந்தை தட்டினாலும் விழுந்திருக்கும். நான் ஓரக்கோட்டைக் குறிபார்த்து முழுப் பலத்தில் அடித்தேன், ஏனென்றால் மேடம் பார்த்துக்கொண்டிருந்தார், ஓரக்கோட்டில் விழுகிற பந்துதான் பார்க்க அழகு. கோட்டுக்கு நாலு விரல் வெளியே விழுந்தது. ஆட்டம் முடிந்தது. நான் உள்ளங்கையைக் காட்டினேன். அவள் கையைத் தூக்கினாள்.

பரிசளிப்புக்கு முன்னால் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அழுதது தெரியக் கூடாதென்று தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தேன். கல்லூரி மேடம் அங்கே வந்தார். நீதானே கேப்டன் என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் உயரம், என் மார்க், எதுவும் கேட்கவில்லை. லிஃப்டர் பெண்ணைப் பற்றித்தான் கேட்டார்.

“விரல் ரொம்ப நல்லாருக்கு அந்தப் பொண்ணுக்கு. ஆனா அவளே அத்தனை தடவை கை தூக்குறாளே, பந்து அவ்வளவு தாழுதா என்ன? நான் உக்காந்திருந்த பக்கத்துலேர்ந்து சரியாத் தெரியல. நீ சொல்லு, நீதானே அடிக்கிறவ.”

பந்து சரியாகத்தான் வந்தது, மேடம். இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. நாலு வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால், அப்புறம் ஏன் தோற்றீர்கள் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் மிச்சம். அந்தப் பதில் குழாயடியில் முகத்தில் தண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்தது.

“ஆமா மேடம். முக்கியமான நேரத்துல கொஞ்சம் பயந்துருவா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சற்று ஏமாற்றமாக இருந்த மாதிரி தெரிந்தது. பிறகுதான் என் உயரத்தையும் மார்க்கையும் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

மே மாதம் எனக்குக் கடிதம் வந்தது. லிஃப்டர் இடத்துக்கு வத்தலக்குண்டுக் குட்டைப் பெண்ணை எடுத்திருந்தார்கள். கடிதத்தை அப்பா அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டினார், பங்குச் சாமியாருக்கும் காட்டினார். என் லிஃப்டருக்குக் கடிதம் வரவில்லை என்று எனக்குத் தெரியும். போய்ப் பார்க்கவில்லை. ஆத்தூர் பஸ் எங்கள் தெருமுனையில்தான் நிற்கும், ஏறினால் அரை மணி நேரம். போய் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன். ஜூன் மாதம் அவள் மில்லுக்குப் போய்விட்டதாக டீமில் இருந்த இன்னொருத்தி சொன்னாள்.

கல்லூரிக்கு என் நடையோடுதான் போனேன். முதல் வாரப் பயிற்சியிலேயே இரண்டு பந்தை வெளியே அடித்துவிட்டு, வத்தலக்குண்டுக்காரிக்கு உள்ளங்கையைக் காட்டினேன். அவள் கையைத் தூக்குவாள் என்று காத்திருந்தேன் என்பதுதான் வேடிக்கை. அவள் நேராக நெட்டோரத்திலிருந்து நடந்து வந்து என் முன்னால் நின்றாள்.

“பந்து கரெக்டாத்தான் வருது. நீதான் லேட்டாக் குதிக்கிற” என்றாள். அதோடு விடவில்லை. “பைனல்லயும் அதே கதைதான். உங்க ஸ்கூல் லிஃப்டர் எங்க போனா? அந்த மேட்ச்ல நான் அவளப் பாத்துத்தான் பயந்தேன், உன்னைய இல்ல.”

டீம் முழுக்க நின்று கேட்டது. யாரும் சிரிக்கக்கூட இல்லை. அவள் சொன்னது உண்மை. நான் எப்போதுமே தாமதமாகக் குதிக்கிறவள். பள்ளியில் என் லிஃப்டர் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் பந்தை ஒரு பிடி கூடுதல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் நான் சுணங்கிப்போவேன் என்று விட்டிருப்பாள். நான் பபிள்கம் மென்றது, எதிரணியை முறைத்தது, காலரைத் தூக்கிக்கொண்டு நடந்தது எல்லாம் அந்த ஒரு பிடி உயரத்தின் மேல் நின்றுகொண்டுதான். கீழே பிடித்துக்கொண்டிருந்த கையை நானே தட்டிவிட்டேன்.

அந்த வருடம் பாதி ஆட்டங்களில் இருந்தேன். அடுத்த வருடம் பெஞ்சில். மூன்றாம் வருடம் பந்து பொறுக்கிப் போட்டேன். விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இது யாருக்கு வந்திருக்க வேண்டிய தட்டு என்று தெரிந்துகொண்டேதான் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பி.எட். முடித்து ஊருக்கே திரும்பி ஆசிரியை ஆனேன். என்னிடம் படித்த பெண்கள் வாலிபால் ஆடினார்கள். கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒருத்தி கெத்தாக நெட்டுக்கு நடப்பதைப் பார்த்தால் எனக்கு ரசிக்கத் தோன்றாது. அவளுக்குத் தூக்குகிறவள் யார் என்று கண் தேடும். நடக்கிறவள் மேல் தேவையில்லாமல் எரிந்து விழுவேன். இந்த டீச்சருக்கு விளையாட்டென்றாலே பிடிக்காது என்று பேர் வாங்கினேன்.

எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலம் அது. ஒரு நாள் காலையில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கழுத்தில் மில் அடையாள அட்டை. கொஞ்சம் சதை போட்டிருந்தாள், நெற்றியோரம் ஒன்றிரண்டு நரை. நான் பார்க்காத மாதிரி திரும்பப் போனேன். அதற்குள் அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சராமே? கேள்விப்பட்டேன். எப்பிடி இருக்க? இப்பவும் ஆடுறியா?” என்று மூச்சு விடாமல் கேட்டாள். ஆடுவதில்லை என்றேன். மில்லைப் பற்றிச் சொன்னாள். அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. நிற்க வேண்டும், நடந்துகொண்டே இருக்க வேண்டும், பஞ்சுத் தூசிக்கு இருமல் வரும். ஆனால் கை வேகத்தில் அவளை அடிக்க அந்த ஷெட்டில் ஆள் இல்லையாம். புதிதாக வருகிற பெண்கள் நூல் அறுந்தால் பதறிவிடுவார்களாம். இவள் பக்கத்தில் போய் நின்றாலே அவர்கள் கையின் பதற்றம் நின்றுவிடுமாம். அதைச் சொல்லும்போது அவளிடம் பெருமைகூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். வேன் வரச் செத்த நேரம் ஆகும், இரு, பேசிக்கிட்டிருப்போம் என்றாள்.

நான் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். சத்தியமாக. அதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

“ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனப்பு. பைனல் அன்னைக்கு அந்தக் காலேஜ் மேடம் ஒங்கிட்ட பேசிக்கிட்டிருந்தாங்கள்ல, கொழாய்கிட்ட. என்னையப் பத்தி ஏதும் கேட்டாங்களா?”

கோபமோ சந்தேகமோ அவள் முகத்தில் இல்லை. வெறுமனே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என் கை இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தது. விரல்கள் சொரசொரப்பாகியிருந்தன.

“இல்ல” என்றேன். “ஒண்ணும் கேக்கல.”

“அதான பாத்தேன்” என்று தலையை ஆட்டிக்கொண்டாள். “லிஃப்டரை எவ கவனிக்கப் போறா. அப்பாகிட்டயும் அப்பவே அதத்தான் சொன்னேன். என் ஆட்டத்துல பாக்குறதுக்கு ஒண்ணுமில்லப்பா, வேன்ல ஏத்தி விட்ருங்கன்னு.”

மில் வேன் வந்தது. வாரேன்டி, வீட்டுக்கு வா என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

குழாயடியில் சொன்ன பொய்யால் அவள் சீட் போனது. அப்போது எனக்குப் பதினேழு வயசு, பயந்துபோயிருந்தேன், தோற்றிருந்தேன் என்று எதையாவது சொல்லிக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டில் சொன்னதற்குச் சாக்கு ஒன்றும் இல்லை. ஆட்டம் தெரிந்த ஒருவர், வெளியூரிலிருந்து வந்தவர், அத்தனை பேர் ஆடிய மைதானத்தில் அவள் விரல்களைத்தான் பார்த்தார், என்னைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அவளைப் பற்றித்தான் கேட்டார். அது அவளுக்குத் தெரியாது. இந்த உலகத்தில் அதை அவளுக்குச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான், கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.